ஆர்ஸ் ஊர் விசாரணைக் குரு

ஒருவரது சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவர் வென்ற போர்களையோ, இயற்றிய நூல்களையோ, கண்ட தேசங்களையோ முதற்கண் தேடுவது வழக்கம். ஈண்டு நாம் கூறப்புகும் பெரியார் போர் செய்தவரல்லர்; போருக்கு அழைக்கப்பெற்றும் போகாதவர். நூல் இயற்றியவரல்லர், பாடநூல்களைக் கற்கவே பெரிதும் இடர்ப்பட்டவர். தேசங்களைக் கண்டவரல்லர், ஒரு சிற்றூரில் நாற்பத்தோராண்டுகள் தங்கி, நாள்தோறும் ஒரே வேலையை ஒரே இடத்திற் செய்து, அவ்விடத்திலேயே உயிர்நீத்தவர். எனினும், அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர் முகத்தைக் காணவும், அவரிடம் தம் குறைகளைக் கூறவும் ஆண்டுதோறும் பல்லாயிரவர் அச்சிற்றூரை நாடிச் சென்றனர். பிரான்சு தேசத்து ஆர்ஸ் என்னும் ஊரின் விசாரணைக் குருவாயிருந்த ஜான் மரி வியான்னி சுவாமியாரே அவர். நம் நாட்டுக் கத்தோலிக்கர் இவரை அர்ச். மரிய வியான்னி அருளப்பர் என வழங்குவர்.

இவர் 1786-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், லியோன் நகரையடுத்த தார்தில்லி என்னும் ஊரில் ஓர் உழவர் குடியிற் பிறந்தனர். இவருக்கு மூன்று வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. சில ஆண்டுகளுள், புதிய அரசாங்கத்தின் சட்டத்திற்கு உட்பட்டுச் சத்தியஞ் செய்ய மறுத்த குருக்கள் மறைந்து வாழ வேண்டியவராயினர். அவர்கள் தொழிலாளர் போல வேடம் பூண்டு, இரவில் வீட்டுக்கு வீடு சென்று பூசை நிறைவேற்றுவர். இளைஞராகிய வியான்னி, கோயில் மணியோசை கேளாத நாட்டில், கதவடைத்த அறைகளில், காவலுக்கு ஆள் நிறுத்திவிட்டுச் செய்யும் வழிபாட்டையே கண்டு வளர்ந்தனர். 1799-இல் அவருக்குப் புதுநன்மை கொடுக்கப்பட்டதும் எக்குல்லி என்னும் ஊரில் ஒரு வீட்டினுள்ளேதான். உள்ளே எரியும் மெழுகுதிரிகளின் ஒளி வெளியே தெரியாதவாறு சன்னல்களுக்கெதிரே வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருந்தனர். தம் உயிரைப் பணயமாக வைத்து ஒரு சிறு கூட்டத்திற்காக இரவெல்லாம் நடந்து வந்த அக்குருக்களின் தோற்றம் அச்சிறுவரின் உள்ளத்திற் பதிந்தது. தாமும் குருவாக வேண்டுமென்னும் விருப்பம் அவர்க்கு அங்ஙனமே உண்டாயிற்று.

விருப்பம் இருந்தது; கல்வியோ இல்லை. பள்ளிகள் மூடப்பட்டிருந்த அக்காலத்தில் அவர் ஆடுமாடு மேய்த்தும் வயலில் உழைத்துமே வளர்ந்தனர். ஏறத்தாழ இருபதாம் வயதில்தான் எக்குல்லி ஊர்க் குருவாகிய பாலே சுவாமியாரிடம் இலத்தீன் இலக்கணத்தைத் தொடங்கினர். காலையிற் கற்றது மாலையில் மறந்துபோகும். தம்மினும் பல ஆண்டு இளைய சிறுவர் எளிதிற் சொல்லும் விடைகளை அவராற் சொல்ல இயலவில்லை. மனஞ்சோர்ந்த அவர், 1806-இல், லாலுவெஸ்க் என்னும் மலையூரிலுள்ள அர்ச். பிரான்சிஸ் ரேஜிஸ் என்பாரின் கல்லறைக்குக் கால்நடையாய், வழியில் இரந்துண்டு, யாத்திரை சென்று வந்தனர். அதன்பின் இலத்தீன் எளிதாயிற்று என்று கூறுவதற்கில்லை; கைவிடாது கற்கும் திடமே அவருக்குக் கிட்டியது.

1809-இல் நெப்போலியன் சக்கரவர்த்தியின் ஸ்பெயின் தேசத்துப் போருக்காக அவர் படைக்கு அழைக்கப்பெற்றனர். நோயுற்று மருத்துவமனையிற் கிடந்து, பின் தேறி, கோயிலில் வேண்டுதல் செய்து தாமதித்தமையால் தம் கூட்டத்தைத் தவறவிட்டனர். பின்தொடர்ந்து நடந்தவரை வழியிற் கண்ட ஓர் இளைஞன், படையினின்றும் தப்பியோர் ஒளிந்திருந்த லேநோயே என்னும் மலையூருக்கு அழைத்துச் சென்றான். அங்கே அவர் ஜெரோம் வின்சென்ட் என்னும் மாற்றுப் பெயருடன் ஓராண்டுக்கு மேல் மறைந்திருந்து, அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர். 1810-இல் சக்கரவர்த்தியின் திருமணத்தையொட்டிப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. எனினும் அவருக்குப் பதிலாக அவர் தம்பி படையிற் சேர வேண்டியதாயிற்று. தாம் திரும்பி வருவதற்குத் தம் குடும்பம் கொடுத்த விலை இது என்பதை அவர் அறிவார். அறிந்தே மீண்டும் புத்தகத்தைக் கையிலெடுத்தனர்.

1813-இல் லியோன் நகரத்துப் பெரிய குருமடத்திற் சேர்ந்தனர். பாடங்களெல்லாம் இலத்தீனில் நடந்தன. கேட்பது விளங்கவில்லை, கேட்ட கேள்விக்கு விடை எழவில்லை. சில திங்களுள் அவர் குருமடத்தை விட்டு அனுப்பப்பட்டனர். அந்நாளில் அவருக்கு வயது இருபத்தேழு. பாலே சுவாமியார் அவரைக் கைவிடாது, பிரெஞ்சு மொழியிலேயே வேதசாஸ்திரத்தைக் கற்பித்து, மேலதிகாரிகளிடம் பரிந்து பேசினர். தாய்மொழியிற் கேட்கப்பட்டபோது மாணவர் நன்றாகவே விடையளித்தனர். மேற்றிராணியார் ஊரில் இல்லாத காலத்தில் மறைமாவட்டத்தை நடத்திய அதிகாரி, இவரது கல்வியைப் பற்றி மட்டுமன்றி இவரது பக்தியைப் பற்றியும் வினவி, இவரை ஏற்றுக்கொண்டனர். 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், கிரனோபிள் நகரத்திற்குத் தனியே நடந்துசென்று குருப்பட்டம் பெற்றனர். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம் அவருக்குத் தொடக்கத்தில் அளிக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒருவர் தம் பாவங்களைக் கூறக் கேட்டு, ஆண்டவர் பெயரால் மன்னிப்பு வழங்கும் அப்பணிக்கு இவர் தகுதியுடையவரோ என்று பெரியோர் ஐயுற்றனர். பிற்காலத்தில் பிரான்சு தேசமெங்கணுமிருந்து மக்கள் தேடி வந்தது அப்பணிக்காகவே!

பாலே சுவாமியார் 1817-இல் இறந்தனர். அடுத்த ஆண்டு பெப்ரவரித் திங்களில் வியான்னி சுவாமியார் லியோனுக்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆர்ஸ் ஊருக்கு அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 230 பேர் வாழ்ந்த ஊர், தாழ்ந்த கோயில், மதுக்கடைகளோ அவ்வூருக்கு மிகை. மூடுபனியில் வழி தெரியாது நின்ற அவருக்கு ஆடு மேய்க்கும் சிறுவனொருவன் வழி காட்டினான் என்பர். குருவின் வீட்டில் அவ்வூர்ச் சீமாட்டியார் அளித்திருந்த நல்ல தட்டுமுட்டுப் பொருள்கள் இருந்தன. இன்றியமையாத சிலவற்றை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை அவர் திருப்பியனுப்பினர்.

புதிய குருவைப் பற்றி ஊரார் முதலில் அறிந்தது, அவர் பொழுது விடியுமுன்னரே கையில் விளக்குடன் கோயிலுக்குச் சென்றுவிடுகிறார் என்பதுதான். பிரசங்கங்களை இரவெல்லாம் எழுதி மனப்பாடஞ் செய்வர். ஆயினும் சிற்சில வேளைகளிற் பிரசங்க மேடையில் நின்றபடியே சொல் மறந்து திகைத்து இறங்குவர். மதுக்கடைகளையும், நடனக் கூட்டங்களையும், ஞாயிறன்று வயல்வேலை செய்வதையும் அவர் கடுமையாய்க் கண்டித்தனர். நடனத்தை விடாதவர்க்குப் பாவமன்னிப்பு அளிக்கவும் மறுத்தனர். இக்கடுமையை நாம் மறைத்தல் நேர்மையாகாது. அவர் பயின்ற காலத்துக் குருமாரிடம் பொதுவாய் நிலவிய கண்டிப்பு அது. வயது முதிர முதிர அவர் பெரிதும் கனிந்தனர் என்பதும் உண்மை. தொடக்கத்தில் ஊராருட் சிலர் அவர்மேல் அவதூறு பரப்பினர். அயலூர்க் குருக்கள் சிலர், கல்வியறிவில்லாத ஒருவர் ஆன்மாக்களை நடத்துவது தகாதென்று மேற்றிராணியாருக்கு எழுதினர். அவ்விண்ணப்பம் கைமாறி ஒருமுறை அவர்தம் கைக்கே வந்தபோது, அதிற் கூறியது சரியே என்று தாமும் கையொப்பமிட்டு அனுப்பினர் என்பது பலரும் அறிந்த செய்தி.

1824-இல் அவர் ஏழைப் பெண்குழந்தைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினர். நாளடைவில் அது திக்கற்ற சிறுமியர் உண்டு உறங்கி வளரும் இல்லமாயிற்று. தேவபராமரிப்பு என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். அதனை நடத்தியோர் அவ்வூர்க் குடியானவர் வீட்டுப் பெண்களே. அங்கு அச்சிறுமியர்க்கு அவர் நாள்தோறும் கற்பித்துவந்த எளிய ஞானோபதேசத்தைக் கேட்க வெளியூராரும் கூடலாயினர். இடம் போதாமையால் அது கோயிலுக்கு மாற்றப்பட்டது.

இவ்வாறு மக்கள் வரத் தொடங்கிய பிறகு அவரது ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதை இங்கு விரித்துரைப்போம். ஒரு நாளை அறிந்தால் ஏறத்தாழ முப்பதாண்டுகளையும் அறிந்தவராவோம்.

நள்ளிரவு கழிந்து ஒரு மணியளவில் அவர் எழுவர். கோயிற் கதவைத் திறக்குமுன்னரே வாயிலிற் பெண்கள் காத்திருப்பர். பக்கத்துச் சிறுபீடத்தினருகே அமைந்த பாவசங்கீர்த்தனத் தொட்டியினுள் அமர்ந்து காலைவரை அவர்கள் கூறுவதைக் கேட்பர். ஆறு அல்லது ஏழு மணியளவிற் பூசை. பின்னர்ச் சிறிது பால் அருந்தி, ஆடவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கத் தொடங்குவர். இடையே கட்டளைச் செபத்தை முடித்து, பதினொரு மணிக்கு ஞானோபதேசம் செய்வர். பல்லிழந்த வாயினின்றெழும் மெல்லிய குரல் பின்னாலிருப்பவர்க்குச் சரிவரக் கேளாது. எனினும் அம்முகத்தைப் பார்த்திருப்பதே போதுமென்று அவர்கள் அமர்ந்திருந்தனர். நண்பகலில் திரிகால செபத்திற்குப் பின் கூட்டத்தினூடே வழி பிளந்துகொண்டு தம் வீட்டை அடைவர். பெரும்பாலும் நின்றபடியே, சில நிமிடங்களில் உணவு முடியும். உடனே ஊரிலுள்ள நோயாளிகளைக் காணப் புறப்படுவர். திரும்பி வந்து மாலைவரை மீண்டும் அத்தொட்டி. இரவு செபமாலையும் பொதுச் செபமும் முடிந்தபின் தம் அறைக்கு ஏறிச் சென்று, இரண்டு மூன்று மணி நேரம் கண்ணயர்வர். குளிர்காலத்தில் நாளொன்றுக்குப் பதினொன்று பன்னிரண்டு மணி நேரமும், கோடையிற் பதினாறு மணி நேரம்வரையும் அவர் அம்மரக்கூட்டினுள் அமர்ந்திருந்தனர். கற்கோயிலின் குளிரில் அவர் கால்கள் மரத்துப்போகும். கோடையிற் கூட்டத்தின் வெப்பத்தால் மூச்சடைக்கும். செல்வரும் உயர்குடியாளரும் வரிசையிற் காத்திருந்தனர். முடவரையும், தாமதிக்க இயலாதவரையும், துயரம் மிகுந்தவரையும் அவரே கூட்டத்தினின்றும் அழைப்பதுண்டு.

உணவும் உடையும் இவற்றிற்கேற்றவையே. தொடக்க ஆண்டுகளில் அவர் ஒரு பானை உருளைக்கிழங்கை ஒருமுறை அவித்து வைத்து, பூசணம் பிடிக்கும்வரை பல நாள் அதையே உண்டனர். இதனால் உடல்நலம் குன்றியது. முதுமையில் அவர் இதனை இளமையின் அறியாமையென்று கருதினர்; பிறர்க்கு இத்தகைய கடுந்தவத்தை அவர் விதிக்கவில்லை. அங்கி ஒட்டுப்போட்டது, காலணி தேய்ந்தது. கையில் வரும் பொருளோ ஏழைக் குடும்பங்களின் வீட்டு வாடகைக்கும், அநாதைச் சிறுமியர் உணவுக்கும், அயலூர்களில் ஞானப்பிரசங்கங்கள் நடத்தவும் செலவாயிற்று. 1852-இல் மேற்றிராணியார் அவருக்கு ஒரு கௌரவப் பட்டமளித்து, அதற்குரிய தோளாடையை அவர் தடுத்தும் அணிவித்தபோது, அதை உடனே 50 பிராங்குக்கு விற்று அப்பணத்தை அறத்திற்கு ஆக்கினர். 1855-இல் அரசாங்கம் அளித்த லீஜியன் ஆப் ஆனர் என்னும் விருதின் பதக்கத்தை அவர் உயிரோடிருக்கும்வரை அணியவில்லை.

இதுகாறும் கூறியதைக் கேட்போர், இப்பெரியார் தம் நிலையில் முழு மனநிறைவோடு வாழ்ந்தார் என்றே எண்ணுவர். அங்ஙனம் எண்ணின், அவரை நாம் அறிந்தவராகோம். ஆர்ஸ் ஊரை விட்டு ஓடிப்போக வேண்டுமென்பதே அவரது நெடுநாளைய ஆசை. ஒரு விசாரணையின் ஆன்மாக்களுக்கெல்லாம் கணக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பிலிருக்கும்போதே இறக்க நேருமோ என்னும் அச்சம் அவரை இடைவிடாது வருத்தியது. கல்வியும் தகுதியுமில்லாத தாம் அப்பதவியில் இருத்தல் தவறென்றும், ஏதேனும் ஒரு தனியிடத்திற் சென்று தம் பாவங்களுக்காக அழுது உயிர்விடுதலே நலமென்றும் அவர் கருதினர். மேற்றிராணியாரிடம் பலமுறை விடை கேட்டனர்; விடை கிடைக்கவில்லை.

1840-இல் ஓரிரவு யாருமறியாது புறப்பட்டு, சிறிது தூரம் நடந்து, தாம் செய்வது இறைவன் சித்தமோ என்று ஐயுற்றுத் திரும்பி வந்தனர். 1843-இற் கொடிய நோயினின்றும் பிழைத்தெழுந்தபின், இரவில் தார்தில்லிக்கு நடந்து, தாம் பிறந்த வீட்டை அடைந்தனர். செய்தி பரவியது, பாவசங்கீர்த்தனத்திற்குக் காத்திருந்தோர் அங்கும் தொடர்ந்து வந்தனர். சில நாட்களில் அவர் ஆர்ஸுக்கு மீண்டபோது, ஊரார் மணியடித்து, அழுதுகொண்டே எதிர்கொண்டனர். 1853-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், தமக்கு வயது அறுபத்தேழானபோது, மூன்றாம் முறை முயன்றனர். இம்முறை அவரது எண்ணத்தை அறிந்தோர் காவலிருந்தனர். நள்ளிரவில் அவர் புறப்பட்டதும் துணைக்குருவாகிய தோக்கானியே சுவாமியார் முதலானோர் தொடர்ந்தனர். நேரத்தைப் போக்கும்பொருட்டுத் துணைக்குரு அவர் கையிலிருந்த கட்டளைச் செபப்புத்தகத்தைப் பறித்துக்கொண்டனர். அபாய மணி முழங்கியது. தீப்பிடித்ததென்றெண்ணி ஊரார் ஓடிவந்து வழியை மறித்தனர். யாத்திரிகர், அவரிடம் பேசாமற் போக இயலாதென்று முழந்தாளிட்டனர். அவர் சிறிது நேரம் நின்றனர். பின்னர் ஒன்றும் கூறாது கோயிலுக்குட் சென்று, தொட்டியினுள் அமர்ந்து, முதலில் வந்தவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கத் தொடங்கினர்.

எம் சிற்றறிவுக்கு, அவரது வாழ்வின் உச்சி அந்த இரவே எனத் தோன்றுகிறது. விரும்பிய வேலையை நாள்தோறும் செய்வது அரிதன்று. தமக்குத் தகுதியில்லையென்று தாமே நம்பிய வேலையை, விட்டோட வேண்டுமென்று தவித்த வேலையை, பிறர்க்கு அது தேவையென்பதொன்றையே கருதி மறுநாட் காலையிலும் தொடங்கினாரே, அஃதன்றோ அரிது! பாவத்தாலும் துயரத்தாலும் ஓட நினைப்பவரை அவர் எளிதில் அறிந்துகொண்டதற்குக் காரணமும் இதுவேயாகலாம். ஓட நினைப்பவரின் உள்ளம் அவருக்குப் புதிதன்று.

அதன்பின் ஆறாண்டுகள் அவர் எங்கும் செல்லவில்லை. கூட்டமோ பெருகியது. லியோன் இருப்புப்பாதை நிலையத்தில் ஆர்ஸ் யாத்திரிகருக்கென்றே தனியிடம் அமைத்து, எட்டு நாள் செல்லத்தக்க போக்குவரத்துச் சீட்டுகளை விற்றனர். ஆர்ஸில் வரிசையில் நின்று முறை வருவதற்கே பல நாட்கள் சென்றன. 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெப்பம் மிகக் கொடியதாயிருந்தது. மாதக் கடைசியில், ஒருநாள் முழுதும் வழக்கம்போற் பணிபுரிந்தபின், அவர் தளர்ந்து வீழ்ந்தனர், மீண்டும் எழவில்லை. படுக்கையருகே வந்தோர் சிலரின் பாவசங்கீர்த்தனத்தை அப்போதும் கேட்டனர். அவர் அறை குளிர்ச்சியாயிருக்க வேண்டுமென்று, ஒருகாலத்தில் அவரைப் பழித்த அவ்வூரினர், நனைந்த துணிகளை வீட்டுக் கூரையின்மேல் விரித்து, வெயிலேற ஏற நீர் தெளித்துக்கொண்டிருந்தனர். அவஸ்தைப்பூசுதல் பெற்று, ஆகஸ்டு 4-ஆம் நாள் விடியுமுன், அவர் வழக்கமாய் எழுந்து கோயிலுக்குச் செல்லும் வேளைக்குச் சிறிது பின்னர், எழுபத்து மூன்றாம் வயதில் அமைதியாய் உயிர்நீத்தனர். அஞ்சியவாறே அவர் ஒரு விசாரணைக் குருவாகவே இறந்தனர், அமைதியிழந்து இறக்கவில்லை.

1905-இற் பத்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டத்தையும், 1925-இற் பதினோராம் பத்திநாதர் அர்ச்சியசிஷ்டர் பட்டத்தையும் அளித்தனர். 1929-இல் உலகிலுள்ள விசாரணைக் குருக்கள் அனைவர்க்கும் அவர் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டனர். குருமடத்தினின்றும் அனுப்பப்பட்ட மாணவரின் பெயர் இன்று குருமடந்தோறும் ஓதப்படுகிறது.

உடன் பயிலும் நண்பர்களே, தேர்வில் தவறியோர்க்கு ஆறுதலாக இச்சரித்திரத்தைக் கூறுவது எளிது. ஆனால், படியாதிருப்பதே மேன்மையென்று இதிலிருந்து கொள்வோமாயின் தவறு செய்தவராவோம். வியான்னி இலத்தீனை வெறுத்தவரல்லர். பத்தாண்டுகள் அதனோடு போராடியவர். அப்போராட்டம் அவருக்கு மொழிப்புலமையைத் தரவில்லை. ஆனால், பயன் கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் நேரந் தவறாது அமர்ந்து முயலும் வழக்கத்தைத் தந்தது. பாடத்தின்முன் அங்ஙனம் அமர்ந்த அம்மாணவரே பின்னர் மக்களின் துயரத்தின்முன் அங்ஙனம் அமர்ந்தனர். நம்மிற் பலர் இக்கல்லூரியை விட்டு ஏதோ ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கோ, அலுவலகத்திற்கோ, மருத்துவமனைக்கோ செல்லவிருக்கின்றோம். இது நமக்குரிய இடமன்று என்று தோன்றும் இரவு ஒன்று ஒவ்வொருவர்க்கும் வரும். வழி திறந்திருக்கும், மறிப்பாரும் இருக்கமாட்டார். அவ்விரவில், பாதி வழியினின்றும் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் தம் இடத்தில் அமர்ந்த அம்முதியவரை நாம் நினைவுகூர்வோமாக.